நாலாம் நம்பர் டேபிளில் ஒரு பிரிகேடியர்

சாப்பாட்டு இடைவேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், பசங்க மதிக்கலன்னா என்ன பண்றது?" கேட்டரிங் கல்லூரியில் பாடம் நடத்தப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இருக்கிற பயம்தான். மதிக்காத மாணவர்களைச் சமாளிக்க நிறைய வழிகள் உண்டு. அதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அளவுக்கு மீறி மதிக்கிற மாணவர்களிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். அந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற அனுபவம் இந்தக் கடற்கரையில் வேறு யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கோவளத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கல்லூரி. மேஜை அமைப்பது, பரிமாறுவது, விருந்தினரிடம் பேசுவது, இதுதான் என் பாடம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ராணுவத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பணிக்காலம் முடியப்போகும் ஜவான்கள், வெளியே போனபின் பிழைப்புக்கு உதவும் ஒரு படிப்பைக் கடைசி வருஷத்தில் படிக்கலாம். சம்பளம் நிற்காது. கல்லூரிக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டிவிடும். ஆனால் ஒரே ஒரு முறைதான். எடுத்த படிப்பு பிடிக்கவில்லை என்று திரும்பிப் போய் வேறு கேட்க முடியாது. எங்கள் தாளாளர் யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். பாயசம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டார். சில மாதங்களில் பன்னிரண்டு ஜவான்கள் எங்கள் வாசலில் பெட்டி படுக்கையோடு வந்து நின்றார்கள். அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், "க்ளாஸ், சாவ்தான்" என்று அட்டென்ஷனில் நிற்கச் சொல்லி ஒரு குரல் கிளம்பியது. தொடர்ந்து பன்னிரண்டு பேரின் கால்கள் ஒன்றாகத் தரையில் இறங்கின. பக்கத்து அறை பேக்கரி. அங்கே அடுப்பில் அழகாக எழும்பிக்கொண்டிருந்த கேக் எல்லாம் அந்த அதிர்வில் அமுங்கிப்போயின. பேக்கரி ஆசிரியர் கையில் மாவோடு ஓடி வந்து, "இங்க என்ன இடிஞ்சது?" என்று கேட்டார். குரல் கொடுத்தவர் அவருக்கும் ஒரு சல்யூட் வைத்தார். மறுபடி கால் இறங்கியது. மிச்சமிருந்த கேக்கும் போயிற்று.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஹவில்தார் மாசிலாமணி. திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பீரங்கிப் படையில் இருந்தவர். கதவுக்குள் குனிந்து வருகிற உயரம். மீசை அவருக்கு முன்னாலேயே அறைக்குள் வந்துவிடும். வகுப்பில் சீனியர் அவர்தான் என்பதால் மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் மூச்சே விடுவார்கள்.

என்னை "மேடம் சார்" என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "மேடம்னு சொன்னா மரியாத கம்மியா கீது, சார்னு சொன்னா தப்பா கீது. அதான் ரெண்டும்" என்றார் மாசிலாமணி. அதை மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது.

இரண்டாம் நாள் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டேன். கோவளத்து ஆள், நாயக் அந்தோணி. மீனவர் வீட்டுப் பிள்ளை, வட்ட முகம், எப்போதும் ஏதோ மென்றுகொண்டிருக்கிற மாதிரி இருப்பார். சரியான பதில் சொன்னார். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். மணி அடித்ததும் பார்த்தால் அந்தோணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

"ஏன் அந்தோணி நிக்கிறீங்க?"

"நீங்க உக்கார சொல்லலியே மேடம் சார்."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அன்று அழுகை வந்தது. எது சொன்னாலும் ஆர்டர். எதைச் சொல்ல மறந்தாலும் அதுவும் ஆர்டர்.

அந்த வாரம் ஒவ்வொருவரையும் ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அந்தோணி எழுந்தார். "கோவளத்துல மீனு துன்னு வளந்தவன் மேடம் சார். பட்டாளத்துல இத்தினி வருசம் ராஜ்மா. ஓட்டல் படிப்புன்னா டெய்லி பிராக்டிகல்லுல சாப்பாடு போடுவாங்கன்னு சொன்னாங்க." உட்காருங்கள் என்று மறக்காமல் சொன்னேன்.

அடுத்து மாசிலாமணி எழுந்தார்.

"என்னோட வந்தவனுங்க பாதி பேரு செக்யூரிட்டி படிப்பு எடுத்தானுங்க. நா இத எடுத்தேன்னு யூனிட்ல சிரிக்காதவன் இல்ல. பட்டாளத்தான் ரிட்டயர் ஆனா இன்னா பண்றாங்க? பேங்க்ல, ஏடிஎம்ல, கம்பெனில, வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சிடறாங்க. உள்ளாற போறவன் வரவனுக்கு கதவு தொறந்து வுடணும். இத்தினி வருசம் நாட்டு வாசல்ல நின்னாச்சு. இனிமேலாச்சும் உள்ளாற போவணும் மேடம் சார்."

சொல்லிவிட்டு, நான் உட்காரச் சொல்வதற்காகக் காத்து நின்றார்.

ஆனால் அவரை உள்ளே கொண்டுபோவது சுலபமாக இல்லை. அவருடைய குரல் ஒரு பிரச்சினை. ஒத்திகையில் விருந்தினராக உட்கார்ந்திருந்த சக ஆசிரியையிடம் அவர், "மேடம், தக்காளி சூப்பா, காளான் சூப்பா?" என்று கேட்டார். அந்த அம்மா கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டார். வெளியே தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் "தக்காளி" என்று பதில் சொன்னார். மெதுவாக, மெதுவாக என்று நான் தினமும் சொன்னேன். "மெதுவாத்தான் மேடம் பேசறேன்" என்று அவர் தினமும் கத்தினார். பீரங்கிச் சத்தத்தில் காது போயிருக்கும், இவருக்குப் பரிமாறும் வேலை சரிவராது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டு எங்கள் துறைத் தலைவரிடம் போனேன்.

அவர் பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். அதிகம் பேசமாட்டார். என்னோடு வந்து ஒரு மூலையில் நின்று மாசிலாமணி பரிமாறுவதைப் பார்த்தார். முழுசாக ஒரு சாப்பாடு முடியும் வரை பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த ஆள் எங்க நிக்கிறார்னு பாத்தியா?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். மாசிலாமணி மேஜையிலிருந்து ஒரு மாட்டுவண்டி போகிற இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார். அதிகாரிக்கு எதிரே எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று ராணுவத்தில் பழக்கிவிட்டார்களோ, அங்கேயே நின்றார். அங்கிருந்து கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். காதும் சரி, குரலும் சரி, ஒன்றும் கெடவில்லை. "குரல விடு. காலை நகத்து" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

மறுநாள் மேஜைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இங்கே நின்று பேசுங்கள் என்றேன். கோட்டில் வந்து நின்றதும் மாசிலாமணியின் குரல் தானாகவே இறங்கியது. எனக்கே ஆச்சரியமாக, கேட்க இதமான குரல். மாணவனிடம் ஒரு குறையைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம், அது திருந்தவே இல்லை என்றால், அநேகமாக நாம் வேறு இடத்தில் திருத்திக்கொண்டிருக்கிறோம். இதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது சிரிப்பு. விருந்தினரைப் பார்த்தால் புன்னகை செய்ய வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டினார்கள். ஒரே நேரத்தில் மூடினார்கள். அது புன்னகையே இல்லை, ஆயுதப் பரிசோதனை. வீட்டுக்குப் போகிற வழியில் பழகிப் பாருங்கள், தெரியாதவர்களைப் பார்த்தாலும் லேசாகச் சிரித்துப் பாருங்கள், அவர்கள் பதிலுக்குச் சிரிக்கும் வரை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு.

மறுநாள் மாசிலாமணி உர்ரென்று வந்தார். பக்கத்தில் அந்தோணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"கேளம்பாக்கத்துல ஷேர் ஆட்டோல எதுருல ஒரு அம்மா உக்காந்துகினு இருந்திச்சு மேடம்" என்று ஆரம்பித்தார் அந்தோணி. "அண்ணாத்த சிரிச்சாரு. அந்தம்மா பாக்கல. திரும்பவும் சிரிச்சாரு. அந்தம்மா மூஞ்ச திருப்பிகிச்சி. நீங்க சொன்னீங்களே, விருந்தாளி பதிலுக்கு சிரிக்கற வரைக்கும் வுட கூடாதுன்னு. வுடவே இல்ல. அப்பால அந்தம்மா வூட்டுக்காரரு முன்சீட்டுல இருந்து எறங்கி வந்தாரு."

"அப்புறம்?"

"அண்ணாத்த எழுந்து நின்னாரு. அந்தாளு மேல பாத்துட்டு, 'சும்மா டைம் கேக்கலாம்னு வந்தேன்'னு சொல்லிட்டு போயிட்டாரு."

மாசிலாமணி பெருமூச்சு விட்டார். "வூட்ல பச்சையம்மாகிட்ட செஞ்சி காட்னேன் மேடம். சம்சாரம். 'இதுக்கு நீ மொறச்சிகினே இருக்கலாம்'னு சொல்லிச்சு."

அதன்பின் சிரிப்புப் பாடத்தை நிறுத்திவிட்டேன். அவர்களுக்குள் பேசும்போது எல்லோரும் நன்றாகத்தான் சிரித்தார்கள். சொல்லிக் கொடுத்ததால்தான் கெட்டது.

இப்படியே படிப்பின் கடைசிக்கு வந்தோம். கடைசித் தேர்வு ஒரு மதிய விருந்து. இந்தப் படிப்பு உருப்படியாக நடந்ததா என்று பார்க்க ஓய்வுபெற்ற ஒரு பிரிகேடியரை அனுப்பப்போவதாக ராணுவத்திலிருந்து தகவல் வந்தது. அவர் திருப்திப்பட்டால்தான் அடுத்த அணி வரும். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு பெரிய ரிசார்ட்டிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மேலாளரும் வருவார். நம் பன்னிரண்டு பேருக்கும் அவர் முக்கியம். தாளாளர் புது திரைச்சீலை வாங்கி மாட்டினார்.

நாலாம் நம்பர் மேஜையில் பிரிகேடியர், அவர் மனைவி, ரிசார்ட் மேலாளர், தாளாளர். பரிமாறுவது மாசிலாமணி. சமையலறையிலிருந்து எடுத்து வருவது அந்தோணி. மற்ற மேஜைகளில் ஆசிரியர்கள் விருந்தினராக உட்கார, மற்ற ஜவான்கள் பரிமாறுவார்கள். சல்யூட் கூடாது, கால் தட்டக்கூடாது, கோட்டில் நின்று பேசவேண்டும். எல்லாவற்றையும் காலையில் மறுபடி சொன்னேன். "டீக் ஹை மேடம்" என்றார்கள். சார் போய் மேடம் மட்டும் ஆகியிருந்தேன். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிரிகேடியர் உள்ளே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், கோட்டில் பதக்கங்கள். அவர் வாசலில் கால் வைத்ததும் பன்னிரண்டு ஜோடிக் கால்கள் தரையில் இறங்கின. பன்னிரண்டு சல்யூட். அந்தோணியின் கையில் சூப் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, சல்யூட்டை விடவும் தோன்றவில்லை. நெற்றியில் காளான் சூப் வழிய நின்றார். பேக்கரி அறையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது.

பிரிகேடியர் நல்ல மனிதர். அவர்களைச் சகஜமாக்கலாம் என்று நினைத்து, "அட் ஈஸ்" என்றார்.

ராணுவத்தில் அதுவும் ஓர் ஆர்டர். கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, அசையாமல் நிற்க வேண்டும். நின்றார்கள். சூப் ஆறியது. மேஜைகளில் எல்லோரும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரிமாற வேண்டியவர்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்த பிரிகேடியர், வேலையைத் தொடங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், "ஓகே, கேரி ஆன்" என்றார்.

"சார்" என்றார் மாசிலாமணி. அவர் திரும்பினார். பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சமையலறைக்குள் போய்விட்டார்கள். போகும்போது மேஜையிலிருந்த பிரெட் கூடைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

விருந்து மண்டபத்தில் ஒரு ஜவான்கூட இல்லை. பிரிகேடியருக்கு முன்னால் ஒரு காலித் தட்டு. அவர் மனைவி திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். "ஏன் எல்லாரும் உள்ள வந்துட்டீங்க?"

"கேரி ஆன் சொன்னாரு மேடம்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"போயி வேலய பாருன்னு."

"வேலை அங்கதானே மாசிலாமணி இருக்கு? சாப்பிடறவங்க அங்க இருக்காங்க."

"ஆபீசர் கேரி ஆன் சொன்னப்பறம் அவரு எதுருல நிக்க கூடாது மேடம். நின்னா இன்னான்னு கேப்பாரு." அவர் பொய் சொல்லவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. முகம் வியர்த்திருந்தது. "அவரு முன்னாடி போனாலே கை தானா மேல போவுது மேடம். நா இன்னா பண்ணட்டும்."

பின்னாலேயே தாளாளர் வந்தார். என்னைத் தனியாக இழுத்தார். "இரண்டாம் வருஷப் பசங்க பத்து பேரு வெளிய இருக்காங்க. அவங்களுக்கு யூனிஃபாரம் குடுத்து உள்ள அனுப்பிடு. சாப்பாடு முதல்ல மேஜைக்கு வரட்டும். பேரு கெட்டுடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பசியோடு உட்கார்ந்திருக்கிற விருந்தாளிகளுக்கு முதலில் சாப்பாடு போக வேண்டும் என்பதுதான் நான் நடத்துகிற பாடம். ஆனால் இரண்டாம் வருஷப் பையன்கள் உள்ளே போனால், இந்தப் பன்னிரண்டு பேரின் படிப்பு அந்தச் சமையலறைக் கதவிலேயே முடிந்துவிடும். ரிசார்ட் மேலாளர் எழுந்து போய்விடுவார். இன்னொரு முறை படிக்க இவர்களுக்கு வழியில்லை. துறைத் தலைவரைத் தேடினேன். கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் உதவி.

இது எங்கே கெட்டுப்போயிற்று என்று யோசித்தேன். என் ஆட்களிடம் இல்லை. அவர்களிடம் எதைத் திருத்தினாலும் அந்த நிமிஷத்தில் திருந்தாது. மாற்ற வேண்டிய ஆள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நேராக நாலாம் மேஜைக்குப் போனேன். "சார், மன்னிக்கணும். நீங்க பிரிகேடியரா இருக்கிற வரைக்கும் இந்த ரூம்ல யாருக்கும் சாப்பாடு வராது" என்றேன்.

எனக்குப் பின்னால் தாளாளர் ஒரு சத்தம் போட்டார். இருமலா என்று தெரியவில்லை.

பிரிகேடியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் என்னவா இருக்கணும்?"

"நாலாம் நம்பர் டேபிளா இருக்கணும் சார்."

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நன்றாகச் சிரித்தார். "முப்பது வருஷமா இத நான் சொல்ல ஆசைப்பட்டேன். கோட்டக் கழட்டுங்க" என்றார்.

பிரிகேடியர் எழுந்து, பதக்கங்களோடு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். "ஜவான்களே, கேளுங்க. இந்த நிமிஷத்திலிருந்து நான் பிரிகேடியர் இல்ல. பசியோட இருக்கிற ஒரு கஸ்டமர். இது ஆர்டர்."

அந்த ஆர்டரில் இருந்த கோளாறு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்னிரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

மாசிலாமணி வெளியே வந்தார். கை ஒருமுறை பாதி வரை மேலே போய், தலைமுடியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. கோடு இல்லாத இடத்தில் சரியாகக் கோட்டில் வந்து நின்றார். "சார், தக்காளி சூப்பா, காளான் சூப்பா?" பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்கவில்லை.

பிரிகேடியருக்குத் தன் புது வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் பார்த்த விருந்தாளிகளிலேயே மோசமான விருந்தாளி அவர்தான். சூப் ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பினார். சூடாக வந்ததும் அதிகச் சூடு என்றார். முள்கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மேற்கத்தியச் சாப்பாட்டுக்கு நடுவே, "தோசை கிடைக்குமா?" என்று கேட்டார்.

"தோச இன்னிக்கி இல்லீங்க சார்" என்றார் மாசிலாமணி. "பிரெட்டு இப்பத்தான் அடுப்புல இருந்து வந்திச்சு. வெண்ண தடவி தரட்டுமா? அந்த முறுகலு இதுலயும் இருக்கும்."

ரிசார்ட் மேலாளர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

கடைசியில் கேரமல் கஸ்டர்ட் வந்தது. பிரிகேடியர் அதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தாலே வீட்டில் அவருக்கு இனிப்பு தருவதில்லை என்று புரிந்தது. தட்டை முன்னால் தள்ளி, "இன்னொன்னு கொண்டு வா" என்றார்.

"வேண்டாம்" என்றார் அவர் மனைவி. "காலையில ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பாத்தீங்க இல்ல?"

"கொண்டு வா."

"கொண்டு வராதீங்க."

பிரிகேடியரின் குரலில் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. "மாசிலாமணி, நான் சொல்றேன். கொண்டு வா."

அந்தோணி சமையலறை வாசலில் கையில் கஸ்டர்டோடு உறைந்து நின்றார். மற்ற மேஜைகளில் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். விருந்தாளி கேட்டதைக் கொடு என்று சொல்லித் தந்திருக்கிறேன். விருந்தாளிகள் இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது.

மாசிலாமணி லேசாகக் குனிந்தார். "சார், நீங்க இப்போ பிரிகேடியர் இல்ல. மேடம் இன்னும் மேடம்தான்."

சொல்லிவிட்டுக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு கிண்ணத்தில் பப்பாளித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. யாரும் சொல்லாமல் வந்த சிரிப்பு. பிரிகேடியர் பப்பாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அந்தோணி கையில் நின்றுபோன கஸ்டர்டு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

காபி வந்தபோது ரிசார்ட் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்த மீசைக்காரர எங்களுக்குக் குடுங்க. செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஆள் உயரம், மீசை, பேச்சு எல்லாம் கேட்டுக்கு அப்படிப் பொருந்துது. சர்வர் சம்பளத்தவிட நல்லாவே குடுப்போம்."

தாளாளர் உடனே, "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

முடியாது என்று என் வாய் வரை வந்துவிட்டது. அவர் வகுப்பில் எழுந்து சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் வாழ்க்கை. ஒருவேளை வீட்டு நிலைமையில் அந்தச் சம்பளம் அவருக்குத் தேவைப்படலாம். மாணவனுக்கு நல்லது என்று நினைத்து அவனுக்காக நாம் பதில் சொல்லிவிடுகிற ஆசை இருக்கிறதே, மேடையில் நிற்கிற எல்லோருக்கும் அது வரும். நான் வாயை மூடிக்கொண்டு மாசிலாமணியைக் கூப்பிட்டேன். "சார் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். நீங்களே பதில் சொல்லுங்க."

மேலாளர் விஷயத்தைச் சொன்னார். மாசிலாமணியின் குதிகால்கள் சேர்ந்தன. ஜீ சார் என்று வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"சார், ஒரு சந்தேகம். கேட்டாண்ட நிக்கறதுக்கு இந்தப் படிப்பு வேணுமா?"

"தேவையில்ல. உங்க ராணுவ அனுபவமே போதும்."

"அப்டின்னா கவர்மெண்ட்டு எனக்கு கட்ன ஃபீசு வீணாப் பூடும் சார். ஒரு வாட்டிதான் தராங்க. நா அத சூப்பு ஊத்த கத்துகறதுக்கு வாங்கிகிட்டேன். இப்ப கேட்டுல போயி நின்னா, ஏமாத்தி வாங்கினா மாரி ஆயிடாதா?"

மேலாளர் பிரிகேடியர் பக்கம் திரும்பினார். பிரிகேடியர் பப்பாளியோடு தலையை ஆட்டினார். "ஆடிட்ல கேப்பாங்க. நிச்சயமா கேப்பாங்க."

"சர்வர் வேலைன்னா சம்பளம் குறையும்" என்றார் மேலாளர்.

"பென்சன் கீது சார்."

"காலை நாஷ்டா நேரத்துக்கு விடியறதுக்குள்ள வரணும்."

"வரேன் சார்."

மேலாளர் சற்று யோசித்துவிட்டு, "நாளைக்கு அந்த மீசையக் கொஞ்சம் சின்னதாக்கிட்டு வாங்க" என்றார். மாசிலாமணியின் முகத்தில் அன்று தெரிந்த ஒரே வருத்தம் அப்போதுதான்.

பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு மேல் அன்றே வேலை கிடைத்தது. அந்தோணி மட்டும் எந்த ஓட்டலுக்கும் போகவில்லை. கோவளத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். மீன் வறுவலோடு ஒவ்வொரு மேஜையிலும் மயில் மாதிரி மடித்த துணி நிற்கும். வறுவல் வருவதற்குள் பாதி மயில்களில் யாராவது கை துடைத்திருப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் பயிற்சி மாணவர்களைப் பார்க்க அந்த ரிசார்ட்டுக்கு ஒரு காலையில் போயிருந்தேன். ஊழியர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அன்று பச்சையம்மாவின் முறை. கடலைப் பார்த்த மேஜையில், பட்டுப்புடவையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்று எப்படித் தெரிந்தது என்றால், மாசிலாமணி அவ்வளவு விறைப்பாக நடந்து நான் முதல் நாளுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"குட் மார்னிங் மேடம். டீயா, காபியா?"

பச்சையம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரு மேடம்?"

"நீதான்."

"டீயி."

"சர்க்கர எவ்ளோ மேடம்?"

"கட்டிகினு இத்தினி வருசம் ஆவுது. நா எவ்ளோ சர்க்கர போடுவேன்னு தெரியாதா உனுக்கு?"

"லீவுல வரும்போதெல்லாம் நீதானே எனுக்கு போட்டு குடுத்த" என்றார் மாசிலாமணி. "நா எங்க பாத்தேன்."

டீ வந்தது. இட்லி வந்தது. பச்சையம்மா எதையும் தொடவில்லை.

"சாப்புடு. ஆறிடும்."

"நீ உக்காரு."

"டூட்டில உக்கார கூடாது."

"நீ பட்டாளத்துக்கு போனப்போ ஒண்டியா சாப்ட்டேன். திரும்பி வந்தப்பறமும் ஒண்டியா சாப்புடணுமா?"

மாசிலாமணி என்னைப் பார்த்தார். அங்கே நான் ஆசிரியை இல்லை, அனுமதி கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. உணவக மேலாளர் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவர் ரொம்ப முக்கியமான வேலை மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மேலாளர்.

மாசிலாமணி கழுத்திலிருந்த கறுப்பு போ டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். மனைவியின் தட்டிலிருந்தே ஓர் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார். பச்சையம்மாவும் ஒரு வாய் எடுத்தார்.

"சட்னில உப்பு கம்மி" என்றார் பச்சையம்மா.

மாசிலாமணி எழுந்தார். டையை எடுத்துக் கழுத்தில் மாட்டி நேராக்கினார். "சமையல்ல சொல்லிடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.